எஃப்டிபி சர்வரில் இரண்டு தளங்கள்: பெயர் ஏன் எடுபடவில்லை, வேலி எங்கே விட்டுப்போகிறது

கேள்வி இது: ஒரே டெபியன் (லினக்ஸ்) சர்வரில், ஃபைல் ஏற்றி இறக்கும் எஃப்டிபி சேவைக்காக, புரோஎஃப்டிபிடி என்ற மென்பொருள் ஓடுகிறது. கடைத் தளத்துக்கான அமைப்பு கான்ஃபிக் ஃபைலின் மேல்பகுதியிலேயே இருக்கிறது. பள்ளித் தளத்துக்கு, அப்பாச்சி வெப் சர்வரில் எழுதுவது போல, கீழே ஒரு வெர்ச்சுவல் ஹோஸ்ட் (அதே சர்வரில் இன்னொரு தளத்துக்கான தனித் தொகுதி) சேர்த்தாயிற்று. ஆனாலும் எந்தப் பெயரைக் கொடுத்து நுழைந்தாலும் கடைதான் வருகிறது. பள்ளிக்கென்று இரண்டாவது ஐபி வாங்கிப் போட்டதும் தளம் பிரிந்துவிட்டது. இப்போது வேறு வம்பு: கடைப் பயனர் தன் டைரக்டரிக்குள் அடங்கி நிற்கிறார், பள்ளிப் பயனரோ இரண்டு தடவை மேலே ஏறினால் சர்வர் முழுவதையும் பார்க்கிறார். அதோடு, ஏற்கெனவே இருக்கும் ஃபைலை அவரால் மாற்றவும் முடியவில்லை.

முதல் கோளாறுக்குக் காரணம் எஃப்டிபி என்ற நெறிமுறையே. அடுத்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அது கான்ஃபிக் ஃபைலில் இருக்கிறது. படிக்கும் முன் ஒரு சொல்: கட்டளைப் பெயர்களையும் பாதைகளையும் கீழே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஃபைலில் அவற்றை ஆங்கில எழுத்தில், நடுவில் இடம் விடாமல் தட்டுங்கள்.

வெப்பில் பிரவுசர்தான் முதலில் வாயைத் திறக்கும். அதன் கோரிக்கையிலேயே ‘ஹோஸ்ட்’ என்றொரு வரி இருக்கும். எந்தத் தளம் வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். ஒரே ஐபியில் நூறு தளம் நடத்த முடிவது அந்த ஒரு வரியால்தான். எஃப்டிபி வேறு மாதிரி. 1985-இல் வந்த ஆர்எஃப்சி 959 என்ற விதிமுறை ஆவணத்தின்படி, கிளையன்ட் 21-ஆம் போர்ட்டில் இணைந்ததும் முதலில் பேசுவது சர்வர்: 220 என்ற எண்ணோடு வரவேற்பு வரி போகும். அந்த வரி போகும்போது கிளையன்ட் இன்னும் ஒரு எழுத்துகூட அனுப்பியிருக்காது. நீங்கள் தட்டிய பெயர் உங்கள் கணினியிலேயே டிஎன்எஸ் மூலம் ஐபியாக மாறி, அங்கேயே உதிர்ந்துவிட்டது. சர்வரின் கண்ணில் படுவது, எந்த ஐபிக்கு, எந்த போர்ட்டுக்கு அழைப்பு வந்தது என்பது மட்டுமே. இரண்டு பெயரும் ஒரே ஐபியைக் காட்டினால் இரண்டும் அதற்கு ஒன்றுதான். வெர்ச்சுவல்ஹோஸ்ட் என்ற வரியில் பெயரையே எழுதினாலும், புரோஎஃப்டிபிடி தொடங்கும்போது அதை ஐபியாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்க 2014-இல் ஆர்எஃப்சி 7151 வந்தது. பயனர் பெயரை அனுப்பும் முன் கிளையன்ட் ‘ஹோஸ்ட்’ என்ற கட்டளையில் தளத்தின் பெயரைச் சொல்லலாம். புரோஎஃப்டிபிடி 1.3.6 முதல் இதைப் புரிந்துகொள்கிறது. வெர்ச்சுவல்ஹோஸ்ட்டுக்குள் ‘சர்வர்அலையஸ்’ வரியில் பெயரைக் கொடுக்க வேண்டும். சர்வர் தயாராக இருந்தாலும் கிளையன்ட் அனுப்ப வேண்டுமே. வாடிக்கையாளர் பழைய கணக்கு மென்பொருளிலிருந்தோ, ஸ்கேனரிலிருந்தோ, கண்காணிப்பு கேமராவிலிருந்தோ ஃபைல் அனுப்புகிறார் என்றால் இந்தக் கட்டளையை எதிர்பார்க்க முடியாது. கிளையன்ட் எது என்பது உங்கள் கையில் இல்லாதபோது, பெயரை நம்பித் தளத்தைப் பிரிக்காதீர்கள்.

மிச்சம் மூன்று வழிகள். தளத்துக்கு ஒரு ஐபி. அல்லது ஒரே ஐபியில் வேறு போர்ட், உதாரணமாக 2121. வாடிக்கையாளர் போர்ட்டை மறந்து 21-இலேயே தட்டி, கடையின் வாசலில் நின்று “பாஸ்வேர்டு தப்பு என்கிறது” என்று போன் செய்வார், அதற்குத் தயாராக இருங்கள். மூன்றாவது வழி, வெர்ச்சுவல் ஹோஸ்ட்டே வேண்டாம் என்று விட்டுவிடுவது.

மூன்றாவதைக் கேலியாகச் சொல்லவில்லை. கடைப் பயனர் நுழைந்தால் கடையின் டைரக்டரி, பள்ளிப் பயனர் நுழைந்தால் பள்ளியின் டைரக்டரி, இவ்வளவுதான் தேவை என்றால், ஒரே சர்வர், பயனருக்கு ஒரு ஹோம் டைரக்டரி, அதைவிட்டு வெளியே போகாதபடி அதைச் சுற்றி ஒரு வேலி, இதுவே போதும். இரண்டு பெயரும் ஒரே ஐபியைக் காட்டட்டும். யார் எங்கே போக வேண்டும் என்பதைப் பயனர் பெயரே முடிவு செய்துவிடும். தனி வெர்ச்சுவல் ஹோஸ்ட் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் சில: இரண்டு தளத்திலும் ‘அட்மின்’ என்று ஒரே பெயரில் வெவ்வேறு ஆட்கள் இருப்பது, தளத்துக்குத் தளம் வேறு டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) சான்றிதழ், ஒன்றில் பெயரில்லாப் பயனரை அனுமதித்து மற்றதில் மறுப்பது, பதிவு ஃபைலைத் தனித்தனியாக வைப்பது. இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் இரண்டாவது ஐபிக்கு மாதாமாதம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இனி, பள்ளிப் பயனர் ஏன் வெளியே போகிறார்? ‘டிஃபால்ட்ரூட் ~’ என்ற வரி ஃபைலின் மேல்பகுதியில், கடையின் அமைப்போடு இருக்கிறது. மேலே எழுதியது எல்லாவற்றுக்கும் பொது என்று தோன்றும். புரோஎஃப்டிபிடியில் அப்படி இல்லை. மேல்பகுதியில், எந்தத் தொகுதிக்குள்ளும் இல்லாமல் இருப்பது முதன்மை சர்வர் என்ற ஒரு சர்வரின் அமைப்பு. வெர்ச்சுவல் ஹோஸ்ட் ஒவ்வொன்றும் அதற்குப் பிள்ளை அல்ல, பக்கத்து வீடு. அங்கே எழுதிய டிஃபால்ட்ரூட் இங்கே வராது. ‘அலவ்ஓவர்ரைட் ஆன்’ என்ற வரியும் வராது. டெபியன் தரும் கான்ஃபிக் ஃபைலில் அந்த வரி மேல்பகுதியில் இருப்பதால் கடைக்கு எல்லாம் நடக்கிறது. பள்ளியிலோ அதன் இயல்பு மதிப்பான ஆஃப்தான் செல்லும். அதனால்தான் ஃபைலை மாற்றும்போது 550 என்ற எண்ணோடு மேலெழுத அனுமதி இல்லை என்று வருகிறது. டைரக்டரி அனுமதியைக் குறை சொல்லி, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட்டுப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். 777 போட்டாலும் அதே 550 வரும், கூடவே ஒரு ஓட்டையும் மிஞ்சும்.

எல்லாத் தளத்துக்கும் பொதுவானவற்றை ‘குளோபல்’ தொகுதிக்குள் வையுங்கள். உருவம் இப்படி இருக்கும்:

<குளோபல்>
டிஃபால்ட்ரூட் ~
ரிக்வயர்வேலிட்ஷெல் ஆஃப்
அலவ்ஓவர்ரைட் ஆன்
அமாஸ்க் 027 027
ஆத்ஆர்டர் மாட்_ஆத்_ஃபைல்.சி
</குளோபல்>

<வெர்ச்சுவல்ஹோஸ்ட் 192.0.2.12>
சர்வர்நேம் "பள்ளி"
ஆத்யூசர்ஃபைல் /இடிசி/புரோஎஃப்டிபிடி/பள்ளி.பாஸ்வேர்ட்
பாசிவ்போர்ட்ஸ் 50000 50100
</வெர்ச்சுவல்ஹோஸ்ட்>

கடைக்கும் 192.0.2.11 என்று இதே போல ஒரு தொகுதி எழுதிவிட்டு, முதன்மை சர்வரில் ‘போர்ட் 0’ என்று போட்டு அதை மூடிவிடுவது என் சிபாரிசு. அப்போது டிஃபால்ட்ரூட் போன்ற தள வரியை மேல்பகுதியில் எழுதினாலும் அது எந்தத் தளத்தையும் தொடாது. பொதுவென்றால் குளோபல், தனியென்றால் அந்தந்தத் தொகுதி என்று மனதில் தெளிவாக நிற்கும்.

முதன்மை சர்வரை மூடாமல் வைப்பவர்கள் டெபியனில் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். முதன்மை சர்வர், கணினியின் பெயரை ஐபியாக மாற்றி அந்த ஐபியில்தான் உட்காரும். டெபியனின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கணினியின் பெயருக்கு 127.0.1.1 என்று எழுதப்பட்டிருப்பது வழக்கம். ஆக, உங்கள் சர்வர் தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வருபவருக்கு இந்த முகவரியில் சர்வர் இல்லை என்ற பொருளில் 500 பதில் போகும். ‘டிஃபால்ட்அட்ரஸ்’ வரியில் உண்மையான ஐபியைக் கொடுக்கலாம்; அல்லது ‘டிஃபால்ட்சர்வர் ஆன்’ போட்டால் எந்தத் தொகுதிக்கும் சேராத அழைப்பு எல்லாம் அங்கே வந்து விழும்.

இன்னொன்றும் குழப்பும். இரண்டு ஐபிக்கும் தொகுதி எழுதிய பிறகு திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால் 21-ஆம் போர்ட்டில் ஒரே ஒரு வரி, எல்லா ஐபிக்கும் பொதுவாக, இருக்கும். தவறில்லை. பொதுவாகக் கேட்டு, அழைப்பு வந்த ஐபியைப் பார்த்துப் பிரிப்பதே அதன் இயல்பு. ஒவ்வொரு ஐபிக்கும் தனிச் சாக்கெட் வேண்டும் என்றால், மேல்பகுதியில் ‘சாக்கெட்பைண்ட்டைட் ஆன்’. அதே கணினியில் மூன்றாவது ஐபியில் வேறொரு எஃப்டிபி சர்வர் ஓட வேண்டிய நிலை வந்தால் இது கட்டாயம்.

இனி வேலி. டிஃபால்ட்ரூட்டின் வேலை, பயனர் நுழைந்த கணத்தில் அந்த ஒரு செஷனை மட்டும் சிரூட் செய்து, குறித்த டைரக்டரியையே அதன் உலகத்தின் உச்சியாக்குவது. ~ என்றால் அந்தப் பயனரின் ஹோம். அந்த டைரக்டரி இல்லாவிட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் செஷன் அறுந்துவிடும். பதிவு ஃபைலில் சிரூட் தோற்றது என்று இருக்கும், பயனருக்கோ ஒன்றும் புரியாது. ‘கிரியேட்ஹோம் ஆன்’ போட்டால் முதல் நுழைவின்போது சர்வரே டைரக்டரியை உண்டாக்கும்.

சிலரை வேலிக்கு வெளியே விட, டிஃபால்ட்ரூட் வரியின் கடைசியில் குழுக்களைக் குறிக்கலாம். ‘டிஃபால்ட்ரூட் ~ !மேலாளர்’ என்றால் மேலாளர் குழுவில் இல்லாத எல்லோருக்கும் வேலி. காற்புள்ளியிட்டு இரண்டு குழுவைச் சொன்னால் இரண்டும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்று பொருள். இரண்டில் ஏதாவது ஒன்று என்று பொருள் அல்ல. ‘~ கடை,பள்ளி’ என்று எழுதினால், இரண்டு குழுவிலும் ஒரே நேரத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் வேலி. அப்படி ஒருவரும் இருக்கமாட்டார், எல்லோரும் வெளியே. ஏதாவது ஒன்று போதும் என்றால் இரண்டு வரியாக எழுதுங்கள். மேலே காட்டியது போல ஆத்ஆர்டரில் ஃபைல் மட்டும் இருந்தால், குழுவும் ‘ஆத்குரூப்ஃபைல்’ சுட்டும் ஃபைலில்தான் தேடப்படும். லினக்ஸின் குழுப் பட்டியலில் அல்ல.

பயனர்களை லினக்ஸ் கணக்குகளாக வைக்காமல் இப்படித் தனி ஃபைலில் வைப்பதே நல்லது. எஃப்டிபி பாஸ்வேர்டு கசிந்தாலும் அதைக் கொண்டு கணினிக்குள் நுழைய முடியாது. புரோஎஃப்டிபிடியோடு வரும் ‘எஃப்டிபாஸ்வேர்ட்’ கருவியில் பெயர், யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்), ஹோம், ஷெல் ஐந்தையும் கொடுத்தால் வரியை எழுதித் தரும். ஷெல்லுக்கு /பின்/ஃபால்ஸ் போதும். அதனால்தான் ரிக்வயர்வேலிட்ஷெல் ஆஃப். ஃபைலின் அனுமதி 0440-க்கு மேல் வேண்டாம்.

யூஐடி கொடுக்கும்போது கொஞ்சம் யோசியுங்கள். ஆளுக்கு ஒரு யூஐடி என்று கொடுத்தால், ஒருவர் ஏற்றிய ஃபைலை அதே தளத்தின் இன்னொருவர் மாற்ற முடியாமல் தவிப்பார். எல்லாத் தளத்துக்கும் ஒரே யூஐடி கொடுத்தாலோ, வேலியில் சின்ன ஓட்டை விழுந்தாலும் பக்கத்துத் தளத்தின் ஃபைல் எல்லாம் கைக்கு வந்துவிடும். தளத்துக்கு ஒரு யூஐடி என்பதே அளவு: கடைக்கு 2001, பள்ளிக்கு 2002. கடையின் வடிவமைப்பாளருக்கு ஹோம் /ஹோம்/கடை/வலை. படம் எடுப்பவருக்கு ஹோம் அதற்குள்ளே இருக்கும் படங்கள் டைரக்டரி. இருவருக்கும் யூஐடி 2001, ஜிஐடியும் அதே. படம் எடுப்பவரின் உலகம் படங்கள் டைரக்டரியோடு முடிந்துவிடும், வடிவமைப்பாளர் இரண்டையும் பார்ப்பார். அமாஸ்க் 027 என்பதால் ஏறும் ஃபைலுக்கு 640 அனுமதி கிடைக்கும். வெப் சர்வர் அதைப் படிக்க, அதன் பயனரை 2001 குழுவில் சேர்த்துவிட்டு வெப் சர்வரை மறுபடி தொடங்க வேண்டும். சேர்த்துவிட்டு மறுபடி தொடங்க மறந்தால் பிரவுசரில் அனுமதி இல்லை என்ற 403 வந்துகொண்டே இருக்கும், காரணம் பிடிபடாது.

படம் எடுப்பவர் ஏற்றலாம், அழிக்கக் கூடாது என்றால் டைரக்டரித் தொகுதிக்குள், கட்டளைகளைக் கட்டுப்படுத்தும் லிமிட் தொகுதி எழுத வேண்டும். ஃபைலை அழிக்கும் டெலி, டைரக்டரியை அழிக்கும் ஆர்எம்டி, பெயர் மாற்றும் ஆர்என்எஃப்ஆர் ஆகிய மூன்றையும் ‘டினைஆல்’ செய்யுங்கள். பெயர் மாற்றத்தின் முதல் பாதியான ஆர்என்எஃப்ஆரை விட்டுவிட்டால், அழிக்க முடியாதவர் பெயரை மாற்றி அதே காரியத்தைச் சாதிப்பார். அலவ்ஓவர்ரைட்டையும் அந்த டைரக்டரிக்கு ஆஃப் ஆக்குங்கள். வெற்று ஃபைலை அதே பெயரில் ஏற்றுவதும் ஒரு வகையில் அழிப்புதான்.

இங்கே பாதையை எப்படி எழுதுவது என்பதில் பலருக்குத் தடுமாற்றம். பயனருக்கு உச்சி ‘/’ என்று தெரிவதால் டைரக்டரித் தொகுதியிலும் ‘/படங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். கட்டுப்பாடு ஒன்றும் பிடிக்காது. வேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணினியின் முழுப் பாதையை, /ஹோம்/கடை/வலை/படங்கள் என்று, எழுத வேண்டும். கடைசியில் /* சேர்த்தால் அந்த டைரக்டரியை விட்டுவிட்டு உள்ளே இருப்பவற்றுக்கு மட்டும் பொருந்தும். லிமிட்டில் ‘ஆல்’ என்று போட்டாலும் ‘லாகின்’ அதில் அடங்காது. நுழைவைத் தடுக்க அதற்கென்று தனி லிமிட் வேண்டும்.

அடுத்து, பொதுவாக ஒரு டைரக்டரியை இரு தளத்துக்கும் காட்ட வேண்டும் என்றால், முதலில் கை போவது சிம்பாலிக் லிங்குக்கு. அது வேலை செய்யாது. லிங்கில் எழுதியிருப்பது ஒரு பாதை. வேலிக்குள் நிற்பவருக்கு அந்தப் பாதை அவருடைய உச்சியிலிருந்து தொடங்குவதால் அங்கே எதுவும் இருக்காது. பெயர் தெரியும், உள்ளே போக முடியாது. பைண்ட் மவுண்ட்தான் வழி: மவுண்ட் கட்டளையில் பைண்ட் விருப்பத்தோடு மூல டைரக்டரியை, வேலிக்குள் இருக்கும் வெற்று டைரக்டரியின் மேல் ஏற்றுங்கள். எஃப்எஸ்டாப் ஃபைலிலும் ஒரு வரி சேர்த்தால்தான் கணினி அணைந்து எழுந்தபின்னும் நிற்கும். ஒரு எச்சரிக்கை: பைண்ட் மவுண்ட் இருக்கும்போது அந்தப் பயனரின் ஹோமை அப்படியே அழித்தால், மவுண்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மூல ஃபைல்களும் சேர்ந்து போகும். முதலில் அன்மவுண்ட்.

வேலிக்குள் ‘லிப்’ என்றோ ‘இடிசி’ என்றோ உச்சியில் ஒரு டைரக்டரி வைத்து அதில் ஃபைல் ஏற்ற முயன்றால், அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வரும். பிஎச்பி மென்பொருள் சிலவற்றில் லிப் என்ற டைரக்டரி சர்வ சாதாரணம் என்பதால் இது அடிக்கடி தலைவலி. சர்வர் வேண்டுமென்றே செய்வதுதான். 2011 டிசம்பரில் ஃப்ரீபிஎஸ்டி வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்பு ஒன்று இதைப் பற்றியது: சிரூட்டுக்குள் உச்சியில் எழுத முடிந்த ஒருவர் அங்கே இடிசி, லிப் என்று டைரக்டரி உண்டாக்கி, தன் அமைப்பு ஃபைலையும் தன் லைப்ரரியையும் வைத்துவிடலாம். சர்வர் பிறகு பயனர் பெயரையோ வேறு எதையோ தேடும்போது சி லைப்ரரி அந்த ஃபைல்களைக் கணினியுடையவை என்று நம்பி ஏற்றிக்கொள்ளும். ரூட் அதிகாரத்தோடு அந்நியரின் நிரல் ஓடும். புரோஎஃப்டிபிடி இதற்காக இந்த இரண்டு பெயரையும் வேலிக்குள் பூட்டுகிறது. சுலபமான வழி, பயனரின் உச்சியை ஒரு படி மேலே தள்ளுவது: ஹோம் /ஹோம்/கடை, தளம் அதற்குள் /வலை. அப்போது லிப் உச்சியில் இருக்காது.

விஎஸ்எஃப்டிபிடி என்ற இன்னொரு எஃப்டிபி சர்வர் மென்பொருள் இதே அபாயத்துக்கு இன்னும் கறாராக நடந்துகொள்கிறது. உச்சியே எழுதத்தக்கதாக இருந்தால் 500 என்று சொல்லி நுழைவையே மறுக்கும், 2.3.5 பதிப்பிலிருந்து இந்தப் பழக்கம். உச்சிக்கு உரிமையாளர் ரூட், அனுமதி 755. அதற்குள் பயனர் எழுத ஒரு டைரக்டரி என்று வைத்தால் சரியாகிவிடும். 3.0 முதல் ‘அலவ்_ரைட்டபிள்_சிரூட்’ என்று ஒரு விடுதலையும் உண்டு. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு ‘இ’ கூடுதலாக இருக்கும். அகராதிப்படி திருத்தி எழுதினால் அறியாத மாறி என்று சர்வர் எழும்பாது. சமக் குறிக்கு (=) இரு பக்கமும் இடம் விட்டாலும் எழும்பாது.

விஎஸ்எஃப்டிபிடியில் வெர்ச்சுவல் ஹோஸ்ட் என்ற தொகுதியே கிடையாது. தளத்துக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல், ஃபைலுக்கு ஒரு சர்வர் என்று ஓட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் ‘லிசன்_அட்ரஸ்’ வரியில் அதன் ஐபி. ‘லிசன்’ யெஸ், ‘லிசன்_ஐபிவி6’ நோ. இதைத் தலைகீழாக, முன்னது நோ, பின்னது யெஸ் என்று விட்டால் முதலில் எழும்புவது எல்லா ஐபியையும் பிடித்துக்கொள்ளும், இரண்டாவதால் உட்கார முடியாது. வேலிக்கு ‘சிரூட்_லோக்கல்_யூசர்’ யெஸ். கூடவே ‘சிரூட்_லிஸ்ட்_எனேபிள்’ யெஸ் என்றால், பட்டியலின் பொருள் தலைகீழாகும்: பட்டியலில் இருப்பவருக்கு வேலி இல்லை. முதலாவது நோ என்றிருந்தால் பட்டியலில் இருப்பவருக்கு மட்டும் வேலி. ஒரே ஃபைல், ஒரே பெயர்கள், நேரெதிர் விளைவு. பாதுகாப்பு என்று நினைத்துப் பெயரைச் சேர்த்தவர்தான் கதவைத் திறந்துவிடுகிறார்.

விண்டோஸ் ஐஐஎஸ் 7 முதல் பெயர்வழித் தளப் பிரிப்பு உண்டு. ஹோஸ்ட் கட்டளை அனுப்பாத கிளையன்ட்டில், பயனர் பெயருக்கு முன்னால் தளத்தின் பெயரையும் ஒரு நிமிர்ந்த கோட்டையும் சேர்த்துத் தட்டலாம். அங்கே வேலிக்குப் பெயர் யூசர் ஐசொலேஷன். லோக்கல் கணக்குகளுக்குத் தளத்தின் உச்சியில் ‘லோக்கல்யூசர்’ என்ற ஃபோல்டர், அதற்குள் பயனர் பெயரிலேயே ஃபோல்டர். பெயர் பிசகினால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே போக முடியாது.

புரோஎஃப்டிபிடிக்குத் திரும்புவோம். நுழைகிறது, ஆனால் பட்டியல் வராமல் தொங்குகிறது என்றால் வேலியைத் தொடாதீர்கள். பட்டியலும் ஃபைலும் தனி இணைப்பில் போவதற்கான பாசிவ் போர்ட்டைப் பாருங்கள். சர்வர் 227 என்று ஆறு எண்களை அனுப்பும். 192,0,2,12,195,90 என்று வந்தால் முதல் நான்கு ஐபி. கடைசி இரண்டும் போர்ட்: 195-ஐ 256-ஆல் பெருக்கி 90 கூட்டினால் 50010. அது நீங்கள் கொடுத்த 50000 முதல் 50100-க்குள் இருக்கிறதா, ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் நான்கு எண்கள் 10,0,0,5 போல உள் முகவரியாக இருந்தால், கிளவுட் கணினிகளில் வழக்கமாக நடப்பது, ‘மாஸ்கரேட்அட்ரஸ்’ வரியில் வெளி ஐபியைக் கொடுங்கள்; தளத்துக்குத் தளம் வெளி ஐபி வேறு என்பதால் அந்தந்தத் தொகுதிக்குள். டிஎல்எஸ் இல்லாதவரை ஃபயர்வாலே 227-ஐ எட்டிப் பார்த்து போர்ட்டைத் திறந்துவிடுவதும் உண்டு. டிஎல்எஸ் போட்ட அன்று அதற்கு அந்த வரி படிக்கக் கிடைக்காது. நேற்றுவரை ஓடியது இன்று நிற்கும். போர்ட் வரம்பை நீங்களே திறந்துவையுங்கள். டிஎல்எஸ் வரிகளும் மேல்பகுதியிலிருந்து தானாகக் கீழே வராது என்பதை மறக்க வேண்டாம்; டெபியன் 11 முதல் அந்த மாட்யூல் தனிப் பேக்கேஜாக இருப்பதையும்.

பட்டியலில் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரிந்தால் கோளாறு அல்ல. ‘டைம்ஸ்ஜிஎம்டி’ இயல்பாக ஆன். ஆஃப் ஆக்கிய பிறகும் மாறவில்லை என்றால், வேலிக்குள்ளிருந்து கணினியின் நேர மண்டல ஃபைல் எட்டாததே காரணம். ‘செட்என்வ்’ கட்டளையில் டிஇசட் மாறியைக் கொடுக்க வேண்டும். நேரத்தை ஒப்பிட்டு ஃபைல் ஏற்றும் ஸ்கிரிப்டுகள் இருந்தால் ஜிஎம்டியிலேயே விடுவதுதான் உசிதம்.

வேலி எதைத் தடுக்காது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். லினக்ஸ் கணக்கையே எஃப்டிபிக்கும் பயன்படுத்தி, ஷெல்லையும் விட்டுவைத்தால், அதே பாஸ்வேர்டோடு, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியாக எந்த வேலியும் இல்லாமல் வரலாம். எஸ்எஃப்டிபி என்பது எஸ்எஸ்எச்சின் உறுப்பு; டிஃபால்ட்ரூட் அதைத் தொடாது. ஓபன்எஸ்எஸ்எச்சில் ‘சிரூட்டைரக்டரி’ தனியாகப் போட வேண்டும். அங்கே உச்சி வரையுள்ள ஒவ்வொரு டைரக்டரிக்கும் ரூட்டே உரிமையாளராக, வேறு யாரும் எழுத முடியாததாக இருக்க வேண்டும். இன்னும் பெரிய ஓட்டை பிஎச்பி. பள்ளிப் பயனர் ஏற்றும் ஒரு சின்ன பிஎச்பி ஃபைல், பிரவுசரில் திறந்ததும் வெப் சர்வரின் அதிகாரத்தோடு ஓடும். வெப் சர்வர் கடையின் ஃபைலைப் படிக்க முடிந்தால் அந்த ஃபைலும் படிக்கும். தளத்துக்கு ஒரு பிஎச்பி-எஃப்பிஎம் பூல் (பிஎச்பியைத் தனிப் பயனராக ஓட்டும் அமைப்பு), அதே 2001, 2002 யூஐடியோடு ஓட்டினால்தான் நீங்கள் எஃப்டிபியில் கட்டிய வேலிக்கு அர்த்தம்.

மாற்றி முடித்ததும் ‘புரோஎஃப்டிபிடி -டி’ என்று, ‘டெஸ்ட்’ என்ற சொல்லின் முதல் எழுத்தான சிறிய டி-யில், ஓட்டினால் எழுத்துப் பிழை தெரியும். பொருள் பிழை தெரியாது. அதற்கு ஒவ்வொரு ஐபிக்கும், ஒவ்வொரு பயனராகவும் நுழைந்து பார்க்க வேண்டும். நுழைந்ததும், எந்த டைரக்டரியில் நிற்கிறோம் என்று கேட்கும் பிடபிள்யூடி கட்டளையைக் கொடுங்கள். பதில் 257, மேற்கோளுக்குள் ஒற்றை ‘/’. அங்கே /ஹோம்/பள்ளி என்று முழுப் பாதை தெரிந்தால் வேலி இல்லை. பிறகு /இடிசி-க்குப் போக முயலுங்கள். 550 வர வேண்டும். ஒரு படி மேலே போகும் கட்டளைக்கு மட்டும் 250, வெற்றி என்று வரும். பயப்பட வேண்டாம்: உச்சிக்கு மேலே உச்சிதான், மறுபடி பிடபிள்யூடி கேட்டால் அதே ‘/’ இருக்கும்.